செருப்புக்குக் காவல்

ஓட்டு எண்ணிக்கைக்கு முந்தின நாள் மாலை, நானாகவே என் மனைவியிடம், "மாங்காடு கோயிலுக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் செங்கொடிச் சங்கத்துக்காரன், சாமி கும்பிடாதவன் என்பது எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். அவள் உள்ளே போவாள், நான் வெளியே வண்டியருகில் நின்று அவள் செருப்பைப் பார்த்துக்கொள்வேன்.

அன்றும் அப்படித்தான் நின்றேன். ஆனால் போனைக் கீழே வைக்க முடியவில்லை. ஒரு கருத்துக்கணிப்பு எங்கள் கூட்டணி ஜெயிக்கும் என்றது, அடுத்தது தோற்கும் என்றது. தோற்றால் நான் வேலை பார்க்கும் அரசுத் தொழிற்சாலையைத் தனியாருக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அவளாவது எங்களுக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்று மனம் ஏங்கியது. இதைச் சங்கத்தில் யாரிடமும் இன்றுவரை சொன்னதில்லை.

அவள் வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன். "என்ன வேண்டிக்கிட்டே? எங்க கூட்டணி ஜெயிக்கணும்னா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள், குங்குமத்தைத் தாளில் மடித்துக்கொண்டே. "போன தடவ தோத்தப்ப சோறு தண்ணி இல்லாம கெடந்தீங்க. இந்தத் தடவ எது வந்தாலும் நீங்க ஒழுங்கா சாப்பிடணும்னு வேண்டிக்கிட்டேன்."

குனிந்து செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்தேன். மாதக்கணக்கில் நாட்டைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி ஒருத்தி கவலைப்படுவது அதுவரை கண்ணில் படவில்லை.

மறுநாள் முதல் சுற்று நிலவரம் வந்தபோதும் போன் இடது கையில்தான் இருந்தது. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். சமையலறை வாசலில் நின்று அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.