படிக்கிற ஆள் வரட்டும்

நசீர் பாய் தவறிவிட்ட செய்தி வந்தபோது நான் சென்னையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். போனில் அவர் மனைவி ஷாகிதா அக்கா, "செல்வி, பாய் போயிட்டாரும்மா. காலையில டீ கேட்டாரு. போட்டு எடுத்துக்கினு வர்றதுக்குள்ள..." என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கோயம்பேட்டுக்கு ஓடினேன். அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதே திண்டிவனம் தாண்டித்தான் நினைவுக்கு வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

திருவண்ணாமலையில் கல்யாணப் பத்திரிகை அடித்த பலருக்கு அவரைத் தெரியும். அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். பிள்ளையார் படத்தை ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படி நகர்த்திக்கொண்டே இருப்பார். நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து அவரோடு ஐந்து வருடம் பிழை திருத்தியவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் திரையில் சரிபார்க்க வேண்டும். தனியாகப் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும். "படிக்கிற ஆளு இல்லாம மவுசைத் தொடாத" என்பார் பாய்.

புத்தாயிரம் பிறந்த புதிதில், ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது எங்களிடம் ஒரு விளையாட்டு சிடியைக் கொடுத்துவிட்டுப் போனார். குண்டு போட்டு உலகம் அழிந்துவிட்டது, மிஞ்சியவர்கள் பாலைவனத்தில் தண்ணீர் தேடி நடக்கிறார்கள், அதுதான் கதை. வழியில் சந்திக்கும் சிலர் நம்மோடு சேர்ந்துகொள்வார்கள். ஒற்றைக்கண் டாக்டரம்மா ஒருத்தி, கிணறு வெட்டும் கிழவர் ஒருவர். அவர்கள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் வரும். பாய்க்கு இங்கிலீஷ் கம்மி. நானோ ஆட்டத்தில் சண்டை வந்தால் மவுசை விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். ஆகவே சாப்பாட்டு வேளையில் நான் படித்துத் தமிழில் சொல்வேன், அவர் மவுசைப் பிடிப்பார். கிழவருக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்து எங்கள் ஊர்ப் பேச்சையும் கொடுத்தேன். "இன்னாப்பா, தண்ணி கீதா?" என்று நான் சொன்னால் பாய் பருக்கை தெறிக்கச் சிரிப்பார்.

ஒருநாள் பாய் வேங்கிக்காலுக்குப் புரூஃப் காட்டப் போயிருந்தார். எனக்குக் கை அரித்தது, நானே உட்கார்ந்துவிட்டேன். ஒரு குறுகலான வாசலில் மேஸ்திரி போய் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். சண்டாளி, எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருமே! 'இங்கேயே நில்' என்று ஓர் உத்தரவு உண்டு. அதை அழுத்திவிட்டு மற்றவர்களோடு வெகுதூரம் போய், அதுவரை ஆடியதை 'சேவ்' செய்தும்விட்டேன். அவரை மறந்தே போனேன்.

மறுநாள் பாய் திரையைப் பார்த்தார். "மேஸ்திரி எங்கம்மா?"

"நிக்கச் சொன்னேன் பாய். வழிய மறிச்சாரு."

"திரும்பி வரேன்னு சொன்னியா?"

"ஐயே, பொம்மைகிட்ட போயி யாராச்சும் சொல்லுவாங்களா?"

டிபன் பாக்ஸை மூடினார். "நில்லுன்னு சொன்னவங்கதாம்மா திரும்பிப் போவணும். வேற யாரு போவாங்க?"

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஐந்து சாப்பாட்டு வேளை வந்த வழியே திரும்பி நடந்தோம். தண்ணீர் தீர்ந்தது. டாக்டரம்மா இரண்டு முறை சாகக் கிடந்தாள். மேஸ்திரி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். திரையில் வந்ததைப் படித்தேன்: "வந்துட்டியா? சரி, வா போலாம்." வெட்கக்கேடு, ஒரு பொம்மைக்காக அழுதேன்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் இருக்கும் ஊர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. "இருங்க பாய், முடிச்சிடாதீங்க. தீபத்துக்கு வரேன், சேர்ந்து முடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். தீபம் ஒன்று போயிற்று, மூன்று போயிற்று. ஊருக்கு வந்தேன், கிரிவலம் சுற்றினேன், அச்சகத்தை மட்டும் எட்டிப்பார்க்கவில்லை. முதலில் நேரமில்லை. அப்புறம் எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம்.

நான்காம் வருடம், பாய்க்கு நெஞ்சுவலி வந்து வீட்டில் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அச்சகத்தில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் துண்டு போர்த்தி இருந்தது. இத்தனை வருடம் கழித்து வந்தவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மேஸ்திரி குரலில், "வந்துட்டியா? சரி, வா போலாம்" என்றார். ஆட்டம் நான் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது, ஓரடிகூட நகரவில்லை.

"வேற யாரையாச்சும் படிக்கச் சொல்றதுதானே பாய்?"

"மேஸ்திரி குரல் மாறிடுமேம்மா."

அன்று ஊர்க் கதவு வரை போனோம். ஒருவர்தான் உள்ளே வரலாம், கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்றான் கதவுக்காரன். உள்ளே போனால் ஜெயித்தாயிற்று. நான் படித்துச் சொன்னதும் பாய் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "வேணாம்மா. நம்மகிட்டதான் மேஸ்திரி இருக்காரே, வேற எங்கியாச்சும் தோண்டிக்கலாம்."

அதிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்தேன். மலையைச் சுற்றிவிட்டு மறுநாள் நேரே அவர் வீடு. மேஸ்திரியைத் தோண்டச் சொல்வோம், மணல்தான் வரும். அந்த விளையாட்டில் வேறெங்கும் தண்ணீரே வைத்திருக்க மாட்டார்கள் என்று நான் சலித்துக்கொள்வேன். "இன்னும் மூணு முழம்மா" என்பார்.

பாய் போன நாற்பதாம் நாள், அவருக்காக ஓதும் பாத்திஹாவுக்குப் போயிருந்தேன். உறவினர்கள் கிளம்பியபின் ஷாகிதா அக்கா என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் கூட்டிப்போனார். தினமும் பாய் அவருக்கு மேஸ்திரி கதையைச் சொல்லியிருக்கிறார். இப்போது மேஸ்திரி எப்படி இருக்கிறார் என்று அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். யாரையாவது 'இரு' என்று சொல்லிவிட்டு வந்தால் திரும்பிப் போகிறேன். தாமதமானாலும், திட்டு விழுந்தாலும் போகிறேன். அவரை அறிந்த நீங்களும் யாரையாவது நிற்கவைத்திருந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

துண்டை எடுத்துவிட்டு நான் நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அது படிக்கிற ஆளின் இடம். அக்கா வாழ்க்கையில் முதல் முறையாக மவுசைத் தொட்டார்.

"எங்கம்மா தோண்டணும்?"

"பாய் வுட்ட எடத்துலதான் அக்கா. இன்னும் மூணு முழம்."