அம்மாவின் ஓட்டக்காரி

லண்டன் மனோர் பார்க்கில் நாங்கள் இருந்த வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள் எங்களுக்கு. கீழே இன்னொரு யாழ்ப்பாணக் குடும்பம். வீட்டில் இருந்த ஒரே தொலைபேசியும் அவர்களுடையது. அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அம்மா யன்னலோரம் மெஷினைப் போட்டுக் கோட்டுகளுக்குப் பொக்கற் தைத்துக் கொடுத்தார். என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணா யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் நின்றான். பரீட்சை முடிந்ததும் அவனையும் கூப்பிடுவதாக ஏற்பாடு.

எனக்குப் பத்து வயது. இங்கிலீஷ் வாசிப்பேன், பேசத்தான் வாய் வராது. அதற்காகவே அப்பா சனிக்கிழமைகளில் வேலை முடிந்து வரும்போது பேப்பர் கடையில் ஒரு காமிக்ஸ் வாங்கி வருவார். பொம்பிளைப் பிள்ளைகளுக்கென்று வந்த மலிவான இதழ் அது. கையில் மை ஒட்டும். அதில் ஒருத்தி இருந்தாள். லண்டனில் ஒரு சலவைக் கடையில் துணி மடிப்பவள். யாருக்காவது ஆபத்தென்றால் சிவப்புச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கண் இமைப்பதற்குள் நகரத்தின் மறுகோடியில் நிற்பாள். மாடியிலிருந்து விழும் குழந்தையை நிலத்தில் படுமுன் ஏந்துவாள். புறப்பட்டுவிட்ட துப்பாக்கிக் குண்டைப் பாதி வழியில் பிடிப்பாள். அவள் ஓடும்போது உலகம் முழுவதும் உறைந்து நிற்கும். புறாக்கள் வானத்தில் அப்படியே தொங்கும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தைத்துக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் இருந்து படம் படமாகத் தமிழில் சொல்வேன். முதலில் என் வாசிப்புக்காகக் கேட்டார். பிறகு அவரே கேட்கத் தொடங்கினார். "உன்ர ஓட்டக்காரி இந்தக் கிழமை என்ன செய்தவள்?"

அம்மாவின் கேள்விகள் எல்லாம் நடைமுறைக் கேள்விகள். இந்தக் குளிருக்குள் ஏன் அவள் காலை மூடாமல் திரிகிறாள்? தாய் தகப்பன் இல்லையா? ஓடி முடிந்ததும் அவளுக்கு அகோரப் பசி எடுக்கும், கடைக்குள் புகுந்து மீனும் சிப்ஸும் பொட்டலம் பொட்டலமாகத் தின்பாள். அந்த இடம் அம்மாவுக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் சிலையாகிவிடுகிறார்கள் என்பது மட்டும் பிடிக்கவில்லை. அவளோடு கதைக்க ஒருவரும் இல்லையே என்று ஒருமுறை கவலைப்பட்டார்.

ஒரு சனிக்கிழமை, அவள் தின்ற மீனின் முள் தொண்டையில் சிக்கி, வங்கித் திருடனைப் பிடிக்கிற அவசரத்திலும் இருமிக்கொண்டே ஓடுகிற கதை வந்தது. நான் எழும்பி நின்று இருமிக் காட்டினேன். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். லண்டனுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் ஊரில் சண்டை மறுபடியும் மூண்டிருந்தது. தொலைபேசித் தொடர்பு இல்லை. கடிதமும் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டு அன்ரி படியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து மாமா பேசினார். நடந்தும் லொறியிலுமாக அவர் கொழும்புக்கு வந்து சேர்ந்ததே முதல்நாள்தான். அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடி "ஓம்" என்றார். இன்னொரு "ஓம்". பிறகு எந்த நாள் என்று கேட்டார். அன்ரிதான் தொலைபேசியை அவர் கையிலிருந்து வாங்கினார்.

பாண் வாங்கப் பேக்கரிக்குப் போன அண்ணா ஷெல் விழுந்து செத்துப்போனான். எரித்தும் ஆகிவிட்டது.

அப்பா வந்தார், ஆட்கள் வந்தார்கள், பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா அழவில்லை. எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாமா சொன்ன சனிக்கிழமை எதெண்டு விளங்குதோ உனக்கு?"

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

"நீ இருமிக் காட்டின நாள். அண்டைக்கு நான் சிரிச்சனான்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. ஆனால் அந்த வீட்டில் கதை சொல்வது நின்றுபோனது. அப்பா வழக்கம்போல் இதழை வாங்கி வந்து வைப்பார். நான் கட்டிலில் இருந்து சத்தமில்லாமல் வாசிப்பேன். அடுத்த அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

தை மாதக் குளிரில் ஒரு நாள் அம்மா, என்னைப் பார்க்காமலே, அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். நான் இதழை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தேன். உள்ளே ஏதோ ஒரு அணைக்கட்டு உடைகிற கதை. அதை விட்டுவிட்டு நானாக ஒன்று சொல்லத் தொடங்கினேன். ஓட்டக்காரி கடலுக்கு மேலால் ஓடுகிறாள், யாழ்ப்பாணத்துக்குப் போகிறாள், பாண் கடை வாசலில் எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள், மேலே ஷெல் வானத்தில் தொங்குகிறது...

மெஷின் நின்றது.

"பொய் சொல்லாதை பிள்ளை. அங்க ஒருத்தரும் போகேல்லை. அதில என்ன கிடக்கோ அதை வாசி."

அணைக்கட்டுக் கதையை வாசித்தேன். அம்மா தைத்துக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் வாசித்தேன். சொல்லுக்குச் சொல், எதையும் கூட்டாமல். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அந்த இதழ் நின்றது. வேறொரு இதழோடு சேர்ந்துவிட்டதாகக் கடைசி இதழின் முகப்பில் கொட்டை எழுத்தில் மகிழ்ச்சியாகப் போட்டிருந்தார்கள். சேர்ந்த இதழில் குதிரைக் கதை இருந்தது, விடுதிப் பள்ளிக் கதை இருந்தது. அவள் இல்லை. செத்துப்போனாளோ என்று அம்மா கேட்டார். அவளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றேன். எனக்குக் கோபமாக இருந்தது. ஒரு முடிவாவது எழுதியிருக்கலாம் என்று இதழ்க்காரரை ஏசினேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ரெய்னர்ஸ் லேனுக்கு வீடு மாறிய பிறகுதான் மாமா லண்டனுக்கு வந்தார். வந்த முதல் ஞாயிறு, சாப்பாட்டுக்கு முன், அம்மா அவரை முன்னறையில் இருத்தி, நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். அவளும் கேட்கட்டும் என்றார் அம்மா.

அண்ணா அந்த இடத்திலேயே சாகவில்லை. கதவொன்றைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். சந்திக்குச் சந்தி வெடி. போக வழி கிடைக்கவில்லை. வேறு ஒழுங்கைகளால் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு வீட்டு விறாந்தையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். பொழுது படும்வரை அவனுக்கு உயிர் இருந்தது. அம்மாவைக் கேட்டான் என்று மாமா சொல்லவில்லை. சும்மா சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. குளிருது என்று மட்டும் சொன்னானாம்.

அம்மா கையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடுத்தனீங்களோ?"

"ஓம் அக்கா. குடுத்தனாங்கள்."

"குடிச்சவனோ?"

"கொஞ்சம் குடிச்சவன்."

அம்மா தலையை ஆட்டினார். பிறகு எழுந்து குசினிக்குள் போய், சோற்றை இறக்கினார். மாமாவுக்கு முதலில் போட்டார்.