அம்மா பார்த்துவிட்டு வந்த கல்லூரி

"இதெல்லாம் காரைக்காலுக்குப் போயி படிக்காது. போனாலும் பத்தாம் நாளு மூட்டையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கும்."

பெரியம்மா இதைச் சொன்னபோது நான் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். 'இது' என்றால் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அப்போது என் மடியில் இருந்தது.

எங்கள் வீடு டவுனை ஒட்டிய வைத்திக்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில். அப்பா படகுக்குப் போகிறவர். அம்மாவும் பெரியம்மாவும் கடற்கரையை ஒட்டிய தெருமுனையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பவர்கள். மூவரில் ஒருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் மிதித்தேன், நன்றாகவும் படித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எனக்கு விவசாயம் படிக்க ஆசை. மீன்காரி மகளுக்கு நாற்று நடவா என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. ஏழாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த முருங்கைக் கன்றை எங்கள் வாசலில் நட்டேன். ஒரே மாதத்தில் கருகிவிட்டது. பிறகு கத்தரி வைத்தேன், அதுவும் போனது. ஆனால் நாலு வீடு தள்ளி ஒரு பூவரசு மட்டும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே கூரைக்கு மேல் தழைத்து நின்றது. அதே மணல், அதே உப்பு. ஒன்று சாகிறது, ஒன்று செழிக்கிறது. ஏன்? பள்ளியில் கேட்டேன். உப்பு மண் என்றார்கள். அது எனக்கும் தெரியும்.

டவுனுக்குள் சாரம் என்ற பகுதியில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மையம் நடக்கும். நடத்துகிறவர்கள் எல்லோருமே அவரவர் வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவர்கள். சாதிச் சான்றிதழ் வாங்குவதிலிருந்து கலந்தாய்வு வரைக்கும் எங்களைப் போன்ற பிள்ளைகளுடன் கூடவே வருவார்கள். எனக்கு வாய்த்த அக்கா ஒரு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். மூடிப்போன பஞ்சாலை ஒன்றில் வேலை செய்தவரின் மகள்.

கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் ஒன்று கொடுக்க வேண்டும். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வரிசையாக எழுத வேண்டும். அதில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரு தவறு செய்வார்கள். காரைக்கால், மாகே, ஏனாம் என்று எழுதினாலே அங்கே தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, டவுனில் இருக்கிற கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் மூன்று கல்லூரிகளை எழுதிக்கொண்டு போனேன். அக்கா படித்துப் பார்த்தார்.

"வாரா வாரம் மண்ணு, வேருன்னு என் காதத் தின்ன. இதுல விவசாயத்தையே காணோமே?"

"அரசாங்கக் காலேஜுல அது காரைக்கால்லதான்க்கா இருக்கு. வீட்டுல விட மாட்டாங்க."

"கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்காமலே அவர்கள் சார்பில் நானே மறுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒடம்புக்கு ஒன்னுன்னா யாரும்மா ஓடியாருவா? நாலு மணி நேரம் பஸ்ஸு. வேணாம்" என்றாள். பெரியம்மா அந்தப் பத்தாம் நாள் கணக்கைச் சொன்னதும் அப்போதுதான்.

அக்கா வாதாடவில்லை. "நாளன்னைக்கு எங்க மையத்துலேர்ந்து காரைக்காலுக்கு வேன் போவுது. அம்மாங்க மட்டும்தான். நீங்களும் வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னா நான் இந்தப் பேச்ச எடுக்கவே மாட்டேன்" என்றார்.

"நானும் போறேன்" என்றேன்.

"நீ வேணாம். நீ கூட வந்தா உன் மூஞ்சியப் பாத்து அவங்க சரின்னுடுவாங்க. தனியா வந்தாதான் கேள்வி கேப்பாங்க."

அம்மாவுக்கு வேறு கவலை. ஒரு நாள் இடம் காலியாக இருந்தால் வாடிக்கை கைமாறிவிடும். "என் எடத்துல யாரு ஒக்காருவா?"

"நான் ஒக்கார்றேன்."

பெரியம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த நாளில் அம்மா விடியும் முன்பே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வேன் ஏறினாள். நான் அவள் பலகையில் உட்கார்ந்தேன். படிக்கிற பெண் என்று அம்மா அதுவரை என்னை அரிவாள்மனையைத் தொடவிடாமல் வைத்திருந்தாள். முதல் மீனை நான் கழுவி வெட்டிய அழகைப் பார்த்து, "எலிக்கு வெட்டறியா, மனுசனுக்கா?" என்றாள் பெரியம்மா. அதற்கெல்லாம் நான் அசரவில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தேன். ஒன்பது மணிக்குக் கூடை காலி. பெரியம்மா கூடையில் பாதிகூடக் குறையவில்லை. பெருமையோடு அவளைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் வித்துட்ட. சங்கரா மீனுக்கு ஒருத்தரு வருவாரே, அவருக்கு இன்னா குடுப்ப?"

அம்மா காலையில் கிளம்பும்போது சொன்ன ஒரே விஷயம், அவருக்குச் சங்கரா எடுத்து வை என்பதுதான். வாரந்தவறாமல் பல வருடங்களாக அம்மாவிடமே வாங்கும் பெரியவர். சொல்லி வைத்தாற்போல் பையோடு வந்து நின்றார்.

"உங்கம்மா எங்க?"

"காலேஜ் பாக்கப் போயிருக்காங்க."

"யாரு படிக்க?"

"நான்தான்."

"நீ படிக்க அவங்க ஏம்மா போயிருக்காங்க?"

"அனுப்பப் போறது அவங்கதானே."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அதற்குள் பெரியம்மா தன் கூடையிலிருந்து நல்ல சங்கராவாக நாலு எடுத்து என் பலகையில் போட்டாள். "இந்தா, உங்கம்மா எடுத்து வெச்சிட்டுப் போனது. வெட்டிக் குடு" என்றாள். அம்மா அப்படி எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

இருட்டியதும் அம்மா வந்தாள். நானும் அப்பாவும் பெரியம்மாவும் வாசலில் காத்திருந்தோம். அவள் கால் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, சங்கரா கொடுத்தாயா என்று விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். விருப்பப் பட்டியலுக்கு மறுநாள்தான் கடைசி நாள்.

"ஆஸ்டல்ல எல்லாக் கொழாயையும் தொறந்து பாத்தேன், தண்ணி வருது. குளிக்கிற ரூமு தாப்பாளு ஒவ்வொன்னா உள்ள போயி போட்டுப் பாத்தேன். ஒன்னு சரியில்ல, வார்டனம்மா கிட்ட சொல்லிட்டேன். சமையக்கட்டுல மீனு வாங்கி வெச்சிருந்தாங்க. செவுளத் தூக்கிப் பாத்தா வெளுத்துக் கெடக்குது, பழைய மீனு. அந்தச் சமையக்காரனக் கேட்டேனே ஒரு கேள்வி!"

"சரி, இப்ப இன்னா சொல்ற?" என்றார் அப்பா.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் கெளம்பும்போது பொண்ணுங்க எல்லாம் வயல்லேர்ந்து வந்துச்சுங்க. காலெல்லாம் சேறு. இன்னாமோ பேசி அப்படிச் சிரிக்குதுங்க. அந்தச் சத்தத்துக்கு ஒருத்தரும் 'ஏய்'னு அதட்டல. நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாருமே அதட்டல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு அதுல மொதல்ல காரைக்கால எழுது."

எழுதினேன். இடம் கிடைத்தது. கடலூர், சிதம்பரம் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வந்து, மறுபடியும் எங்கள் மாநிலத்தில் போய் இறங்கினேன். முதல் வாரம் அழுதேன், அதை மறைப்பானேன். ஆனால் நாட்களையும் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். பத்தாம் நாள் மாலை பெரியம்மாவுக்கு போன் போட்டேன்.

"பெரியம்மா, இன்னைக்குப் பத்தாம் நாளு."

"மூட்டையக் கட்டிட்டியா?"

"இல்ல. துணியத் தொவச்சுக் காயப் போட்டிருக்கேன்."

"திமிரு புடிச்சவளே, சாப்ட்டியா?" என்றாள்.

நாலு வருடம் படித்தேன். இரண்டாம் வருடத்தில் உப்பு மண்ணைப் பற்றிய பாடம் வந்தபோது, சந்தேகம் உண்டா என்று ஆசிரியர் கேட்பதற்கு முன்பே பூவரசைப் பற்றிக் கேட்கக் கை தூக்கியவள் நான். அம்மா இப்போது வருடம் தவறாமல் அந்த வேனில் போகிறாள். புதிதாக வரும் அம்மாக்களுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்க அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம். அந்த நாட்களில் அவள் இடத்தையும் பெரியம்மாவே பார்த்துக்கொள்கிறாள்.

பட்டம் வாங்கியாகிவிட்டது. வாசலில் எது பிழைக்கும் என்பதற்குப் பாதி பதில்தான் கையில் இருக்கிறது. மீதிக்கு மண்ணியலில் மேற்படிப்பு படிக்க வேண்டும். விண்ணப்பித்தேன், கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. காரைக்காலைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தூரம். இந்த முறை வேனும் இல்லை, கூட்டிப்போக அக்காவும் இல்லை. அம்மா என்னையே பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

போன வாரம் தனியாகப் போனேன். விடுதியில் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தேன். குளியலறைகளுக்குள் போய் ஒவ்வொரு தாழ்ப்பாளாகப் போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் வரை வாசலில் நின்று, பெண்கள் திரும்பி வரும் சத்தத்தையும் கேட்டேன். மறுநாள் காலையில் அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறினேன்.