ஏறவே இல்லை என்றார்கள், முருகன் மீட்டுக் கொடுத்தான்

முருகன் அடியார்கள் முன்னால் இதைச் சொல்ல இன்னும் எனக்கு நாக்கு உலர்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகள் வள்ளியம்மை அணைத் தண்ணீரில் விழுந்து கிடந்தாள். அதைக் கண்ணால் பார்த்த ஒருவன், அவள் படகில் ஏறவே இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவன் அந்நியன் அல்ல. பத்து வருஷம் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

நான் வண்டிப்பெரியார்ப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். வள்ளியம்மை எங்களுக்கு ஒரே பிள்ளை. வயது பதின்மூன்று. பெரியாற்றில் அணை கட்டித் தண்ணீர் தேங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முங்கிப்போன காட்டின் பட்டமரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. சில வெளியே தெரியும், சில தெரியாது. அக்கரையில் ஏலத்தோட்டங்கள். என் தங்கை அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் மகள் போயிருந்தாள்.

அந்தப் படகை ஓட்டுகிறவன் இசக்கி. எங்கள் பக்கத்து ஊர்க்காரன். அவனுக்கு எழுதத் தெரியாது. படகுத்துறையின் பதிவுப் புத்தகத்தில் அவன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக் கொடுப்பேன். தண்ணீரில் நடப்பதை அந்தப் புத்தகத்தில் மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள். படகு ஆடி எல்லாரும் பத்திரமாக இருந்தால் முதல் வகை, ஆட்டம். படகோ சரக்கோ கெட்டால் இரண்டாம் வகை, சேதம். ஆள் தண்ணீரில் விழுந்தால் மூன்றாம் வகை. மூன்றாம் வகை என்றால் உடனே சங்கு ஊதி எல்லாப் படகுகளும் தேடப் போக வேண்டும். படகோட்டியை விசாரணை முடியும்வரை படகில் ஏற விடமாட்டார்கள்.

ஒரு தடவை ஒரு பெரியவர் தவறி விழுந்தார். இசக்கியே குதித்து அவரைத் தூக்கிவிட்டான். மூன்றாம் வகை என்று எழுதப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவருதான் பொழச்சிட்டாருல்லா அண்ணாச்சி? பொறவு எதுக்கு விழுந்தாருன்னு எழுதணும்? ஆட்டம்னு போடுங்க."

போட்டேன். அதற்குப் பிறகும் பல தடவை போட்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது. தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைகளை அரை ஆள் என்றுதான் பதிவார்கள். அந்த வழக்கத்தையே நாங்கள் படகுக்கும் கொண்டுவந்தோம். படகுக்கு அனுமதி பன்னிரண்டு ஆள். இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு ஆள் என்று எழுதுவேன். கைக்குழந்தையை எழுதுவதே இல்லை. இது சரியா என்று ஒருநாள் கேட்டேன். இசக்கி சிரித்தான்.

"ரெண்டையும் தூக்கிப் பாருங்க அண்ணாச்சி. நம்ம அக்கா ஒரு ஆளு கனம்கூட இருக்காது."

என் மனைவியைத்தான் சொன்னான். அவளும் உள்ளேயிருந்து, "இன்னைக்கு ஒனக்குச் சோறு கெடையாதுல" என்று சிரித்தாள். அப்படிப் பழகிய மனிதன்.

அந்த வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மகளை அழைத்துப்போகத் துறையில் நின்றேன். ஏலக்காய் எடுக்கும் பெண்களும் பிள்ளைகளுமாகப் படகு வந்து சேர்ந்தது. எல்லாரும் நனைந்திருந்தார்கள். வள்ளியம்மையைக் காணோம்.

"ஒங்க தங்கச்சி அனுப்பல அண்ணாச்சி," என்றான் இசக்கி. கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான். "பிள்ள படகுல ஏறவே இல்ல."

நம்பிவிட்டேன். திரும்பி இரண்டு அடியும் வைத்துவிட்டேன். அப்போதுதான் பேச்சி என்கிற பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தேன். அதன்மேல் போர்த்தியிருந்தது என் மகளின் கம்பளி. ஓரத்தில் என் மனைவி தைத்த சிவப்புத் துணி. இந்த மழையில் கம்பளியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவள் அக்கரையில் எதைப் போர்த்திக்கொண்டிருப்பாள்?

"இசக்கி, என் பிள்ளை எங்கலே?" என்று கத்தினேன்.

அவன் கயிற்றுப் பக்கம் குனிந்துகொண்டான். துறை மேலாளரிடம் ஓடினேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு ஆள் ஏறியதாக எழுதியிருக்கிறது. கரையில் பன்னிரண்டுக்கு மேலேயே தலை தெரிகிறதே வாத்தியாரே. யார் குறைகிறார்கள்?" என்றார். இசக்கி பின்னாலேயே வந்து, "லேசா ஆடிச்சு சார், அவ்வளவுதான். முதல் வகை," என்றான்.

யார் குறைகிறார்கள் என்று என்னால் காட்ட முடியவில்லை. பிள்ளைகளைப் பாதியாக்கிக் காட்டிய புத்தகம் அது. காலையிலேயே இசக்கி சொல்ல, போகவரப் பன்னிரண்டு ஆள் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அந்த எழுத்து என் எழுத்து.

பெண்களிடம் கெஞ்சினேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அக்கரை வேலைக்கு அவன் படகை விட்டால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் உலகத்தில் ஒருவர்கூட என் பக்கம் இல்லை என்று பட்டது. சேற்றில் முட்டி போட்டேன். "முருகா, நான் எழுதினது பொய். தண்டனையை எனக்குக் கொடு. என் பிள்ளையை விட்டுவிடு. யாரையாவது பேச வை," என்று அழுதேன். ஊர் பார்க்கிறது என்ற வெட்கம்கூட இல்லை.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கொஞ்ச நேரமாகத்தான் இருக்கும். பேச்சியின் குரல் கேட்டது.

"பட்டமரத்துல மோதுச்சு சார். அந்தப் பிள்ள விழுந்துச்சு. நான் பாத்தேன்."

"வாய மூடுட்டீ!" என்றான் இசக்கி.

"நீ மூடுல! எம்பிள்ளைக்குக் குளுருதுன்னு அது போர்த்துனதக் கழட்டிக் குடுத்துச்சு. நீ துடுப்ப நீட்டுனியா? திரும்பிப் பாத்துட்டுத்தான வலிச்ச? நாளைக்கு என்னைய ஏத்தாட்டா போ, மலையச் சுத்தி நடந்து போறேன்!"

மேலாளர் சங்கை எடுத்தார். நான்கு படகுகள் போயின. முதல் படகில் நானும் இருந்தேன். பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்தோம். ஒரு பட்டமரத்தின் கவட்டையில் மார்பளவு தண்ணீரில் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். உதடு நீலமாகிவிட்டது. கையைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் வார்த்தை: "இசக்கி மாமா பாத்தாவளே அப்பா. நான் கூப்ட்டேனே. ஏன் போயிட்டாவ?"

அடியார்களே, அவனை மன்னித்துவிட்டேன் என்று உங்கள் முன்னால் நான் பொய் சொல்ல மாட்டேன். மன்னிக்கும் மனசையும் முருகனிடம் தினமும் கேட்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

மறுநாளே துறைக்குப் போனேன். வள்ளியம்மை விழுந்ததை மூன்றாம் வகை என்று எழுதினேன். நான் முதல் வகை என்று எழுதிய பழையவற்றில் நினைவில் இருந்ததையெல்லாம் அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இசக்கி படகை விட்டுப் போனான். என்னையும் புத்தகத்தைத் தொடவேண்டாம் என்றார்கள். அது நியாயம்தான். பேச்சி இப்போது எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். வள்ளியம்மைக்குத் தூக்கத்தில் உடம்பு தூக்கிப்போடுகிறது. ஆனால் காலையில் எழுந்து தலை பின்னிக்கொள்கிறாள், பள்ளிக்கூடம் வருகிறாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு முருகன் கொடுத்த நாள்.

நான் அவனிடம் போனபோது என் கை சுத்தமாக இல்லை. அந்தக் கையோடுதான் போனேன். அவன் தள்ளவில்லை. உங்களில் யாருக்காவது, நம்பின மனிதன் கைவிட்டு, கரையில் தனியாக நிற்கிற நிலை வந்தால், நல்லவனான பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். செய்ததைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்களுக்காகப் பேச ஒருவரை அவன் எழுப்புவான்.