நான் நிறுத்தச் சொன்ன பம்ப்

கல்யாணமாகி மூன்றாவது மாதம், துவைக்கப் போட்டிருந்த அவருடைய சட்டைப் பையில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். விரல் நீளத்தில், நீல நிறத்தில், வளைந்த மூக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே சின்னதாக ஒரு தகர டப்பா.

"என்னங்க இது?" என்று கேட்டேன்.

"அதா? வாய் நாத்தம் போறதுக்கு டீச்சர்," என்றார். சொல்லும்போதே காது இரண்டும் சிவந்துவிட்டது. பொய் சொல்ல வராத மனிதர்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். அவர் வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். தினமும் காலையில் கழுத்தில் விசிலோடு பஸ் ஏறிப் போவார். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் கேலியாகக் கூப்பிட்டது, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எங்கள் வாடகை வீடு மாடியில் இருந்தது. தண்ணீர் வருகிற நாளில் கீழே தெருக்குழாயில் பிடித்து மேலே தூக்கியாக வேண்டும். நாலாவது குடத்தைத் தூக்கி வரும்போது அவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். பையிலிருந்து அந்த நீலக் குழாயை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி வாயில் வைத்து அழுத்தினார். ஐந்தாறு நிமிடத்தில் சத்தம் அடங்கியது.

"சின்னதுலருந்தே இழுப்பு," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லிருடான்னு அக்கா சொல்லுச்சு. பி.டி. மாஸ்டருக்கு இழுப்புன்னா எவன் பொண்ணு குடுப்பான்னு நான்தான் சொல்லல."

எனக்குக் கோபம் வரவில்லை. கட்டின பெண்டாட்டிக்கு முன்னால் மூச்சு விடுவதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பினாரே, அதுதான் வலித்தது. குடத்தை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

அன்று அலமாரியிலிருந்து இன்னொரு பம்ப்பையும் எடுத்துக் காட்டினார். அது காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. நெஞ்சுச் சளி, இழுப்பு பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தது. காப்பிக் கலரைக் காலையும் மாலையும் இழுக்கணும், நீலத்தை இழுப்பு வந்தால் மட்டும் என்று சொல்லியிருந்தாராம். அதன்படியே எனக்குத் தெரியாமல் இத்தனை நாளும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதற்குப் பிறகு நடந்தது என் தப்பு.

கீழ் வீட்டு அக்கா நல்ல மனுஷி. நான் விஷயத்தைச் சொன்னதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பம்ப்பா? அத பழகிட்டா விட முடியாதும்மா. நுரையீரல் சோம்பேறியாயிரும். கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கச் சொல்லு." ஒன்றல்ல, இரண்டு பம்ப் இருக்கிறதே. ஒன்றையாவது குறைக்கணும். எதை?

ஒரு சாயங்காலம் அவருக்கு லேசாக இழுப்பு வந்தபோது சோதித்துப் பார்த்தேன். முதலில் காப்பிக் கலரைக் கொடுத்தேன். அரைமணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. நீலத்தைக் கொடுத்ததும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

"இது சும்மாங்க. இத நிப்பாட்டிருங்க. நீலம் ஒண்ணே போதும்."

"டாக்டரம்மா தெனமும்னு சொன்னாங்களே."

"தெனமும் உங்களப் பாக்குறது அவங்களா, நானா?"

சிரித்துவிட்டார். காப்பிக் கலர் பம்ப் அலமாரியில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. அந்த வருஷம் நான் எதைச் சொன்னாலும் செய்திருப்பார்.

முதல் இரண்டு மூன்று வாரம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் சொன்னது சரி என்றே நினைத்தேன். அப்புறம் எப்போதாவது எடுத்த நீலத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தார். பிறகு தினமும். பிறகு பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை. மாடிப்படியில் பாதியில் நின்று ஷூ லேஸைக் கட்டுவார். கட்டியிருக்கிற லேஸைத்தான் அவிழ்த்து மறுபடி கட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். பனி, தூசு, சாக்பீஸ் என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சொன்னேனே தவிர, புடவைக்கு அடியில் கிடந்ததை ஒருநாளும் நினைக்கவில்லை.

அந்த வருஷம் பள்ளிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி திண்டுக்கல்லில் நடந்தது. எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன். ஆடி முடிந்தும் காற்று நிற்கவில்லை. செம்மண் தூசு ஆள் உயரத்துக்கு எழும்பி எழும்பி அடித்தது. ஓட்டப் பந்தயங்களைத் தொடங்கி வைக்கிற வேலை அவருக்கு. நான் பந்தலுக்குள் ஒரு பிள்ளையின் முதுகில் நம்பர் துணியை ஊக்கு வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன். அவருடைய விசில் சத்தம் கேட்டது. பாதியில் உடைந்தது. மறுபடி கேட்டது, மறுபடி உடைந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றார். ஊக்கைப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நீல பம்ப்பைக் குலுக்கினார், அழுத்தினார். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார்.

"டீச்சர்... தீந்து... போச்சு."

மூன்று வார்த்தைக்கு மூன்று மூச்சு. உதடு வெளுத்திருந்தது. யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டு மைதானத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். சாய்த்துப் படுக்கவைக்கப் பார்த்தேன். வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டு முன்னால் குனிந்தே உட்கார்ந்து வந்தார். அந்த முதுகில் கையை வைத்துக்கொண்டு, தெரிந்த செபம் எல்லாம் சொன்னேன். எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க வரவில்லை.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாதிரி ஒன்றை வைத்து, மருந்தைப் புகையாக உள்ளே அனுப்பினார்கள். ஊசி போட்டார்கள். மறுபடி புகை. மத்தியானம் ஆவதற்குள் நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. முகமூடியை விலக்கிவிட்டு அவர் பேசிய முதல் முழு வாக்கியம், "நூறு மீட்டர் ஃபைனல் முடிஞ்சிருச்சா?" என்பது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவருக்கு முன்பு மருந்து எழுதிக் கொடுத்த அதே டாக்டரம்மாதான் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுவார்.

"பம்ப் எங்க? காட்டுங்க."

நீலத்தை நீட்டினார்.

"இன்னொண்ணு?"

"அத இப்ப எடுக்குறதில்ல டாக்டர்."

"யாரு நிப்பாட்டச் சொன்னது?"

"நானாத்தான் நிப்பாட்டிட்டேன் டாக்டர்," என்றார், என் பக்கம் திரும்பாமலே. இந்தத் தடவை காது சிவக்கவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. "இல்ல டாக்டர். நான்தான் சொன்னேன்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், நான் செய்த சோதனை உட்பட. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு ஒரு வட்டம் வரைந்தார்.

"இது மூச்சுக்குழாய். உள்பக்கம் எப்பவும் கொஞ்சம் வீங்கிப் புண்ணா இருக்கு. இவரு நல்லா இருக்குற நாள்லயும் அது அப்படித்தான் இருக்கு. தூசு பட்டா வெளியில இருக்குற தசை இறுக்கிப் பிடிக்கும். அப்பத்தான் இழுப்பு. நீலம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும், உடனே. நாலஞ்சு மணி நேரத்துல அதோட வேலை முடிஞ்சிரும். வீக்கத்தை அது தொடவே தொடாது. வீக்கத்தை ஆத்துறது காப்பிக் கலர். அது மெதுவாத்தான் ஆத்தும். நாளாகும், வாரமாகும். அதனால நல்லா இருக்குற அன்னைக்கும் எடுக்கணும். அரைமணி நேரத்துல அத சோதிச்சா என்னம்மா தெரியும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீலம் அடிக்கடி தேவைப்பட ஆரம்பிச்சுதுல்ல? அதுதான் எச்சரிக்கை. அப்பவே எங்கிட்ட வந்திருக்கணும். நீலம் எடுத்தும் கேக்கலைன்னா வீட்ல உக்காந்திருக்கக் கூடாது, நேரா இங்க வந்துரணும். எப்பவும் ஒண்ணு கூடுதலா கைவசம் இருக்கட்டும்." வாசல் வரை போனவர் திரும்பினார். "பழகிரும்னு யாரும் சொன்னா, மூச்சு விடுறதும் பழக்கந்தான்னு சொல்லுங்க."

நர்ஸ் ஒருத்தி வந்து, பம்ப்பை எப்படி இழுக்கிறார் என்று அவரைச் செய்துகாட்டச் சொன்னாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "சார், பாதி மருந்து நாக்குக்குத்தான் போகுது." குலுக்கணும், மூச்சை முழுக்க வெளியே விடணும், மெதுவாக உள்ளே இழுக்கிறபோதே அழுத்தணும், பத்து எண்ணும் வரை அடக்கிக்கொள்ளணும். காப்பிக் கலர் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லையென்றால் வாய் புண்ணாகும்.

வீட்டுக்கு வந்ததும் புடவைக்கு அடியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன்; தேதி முடிந்திருந்தது. டாக்டரம்மா புதிதாக எழுதிக்கொடுத்ததைப் பல் துலக்குகிற பிரஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பழையதைத் தூக்கிப் போட்டேன். காலையும் மாலையும் அவர் மூச்சை அடக்க, நான் எண்ணுவேன். பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணுகிறவருக்கு வீட்டில் நான் எண்ணினேன். ஏழு வரும்போது வேண்டுமென்றே இழுத்துச் சொல்வேன். கண்ணாலேயே முறைப்பார்.

அதோடு மூச்சின் பலத்தை ஊதிப் பார்க்கிற ஒரு மீட்டரும் வாங்கி வந்தார். பலங்கொண்ட மட்டும் ஊதினால் முள் ஒரு எண்ணில் போய் நிற்கும். அது அவருக்கு நீளம் தாண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. முதல் வாரம் இருநூற்று முப்பதில் நின்றது. காலண்டர் தாளில் நாள்தோறும் குறித்து வைத்தார். முந்நூறைத் தொட்ட அன்று, சமையலறைக்கு ஓடிவந்து தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் போனதும் நீலம் கிட்டத்தட்டத் தேவையே படவில்லை. ஒரு காலையில் கேட்டார். "நல்லாத்தான இருக்கேன் டீச்சர். இனிமே இத நிப்பாட்டிரலாம்ல?"

"நல்லா இருக்குறதே அதுனாலதான். நிப்பாட்டுறதா கொறைக்கிறதாங்குறத அந்தம்மா சொல்லட்டும்."

டாக்டரம்மா சொன்னார். அடுத்த வருஷம் அளவைக் குறைத்தார். நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்து வரும்போது, மனசில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ என் மேல உள்ள பிரியத்துலதான நிப்பாட்டச் சொன்ன. அதுக்கு எதுக்கு உன்னைய ஒருத்தர் திட்டணும்?"

அவ்வளவுதான் சொன்னார். ரோட்டோரம் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கலாமா என்று கேட்டார். நான் குனிந்து, பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு தை மாதம், குஜிலியம்பாறைப் பக்கம் என் அப்பாவின் காட்டில் கடலை பிடுங்கினார்கள். தூசு வேண்டாம், வீட்டில் இருங்கள் என்று சொல்லியும் கேட்காமல் வந்தார். பத்து மணிக்கு மேல் அவருடைய தோள் லேசாக ஏறுவதைப் பார்த்தேன். எல்லாரும் பார்க்க நீலத்தை எடுத்து, குலுக்கி, இரண்டு தடவை இழுத்துவிட்டு, தூசு வராத பக்கமாக மாறி வரப்பில் போய் உட்கார்ந்தார்.

அப்பா பதறிவிட்டார். "மாப்ள, வண்டி எடுக்கச் சொல்லட்டா? ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"வேணாம் மாமா. இதுக்குக் கேக்கும். செத்த நேரம் பாப்போம். கேக்கலைன்னாத்தான் போகணும்."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கடலையை உதறி உதறி எடுத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து, "கொண்டா," என்று என் மடியிலிருந்து ஒரு பச்சைக் கடலையை எடுத்து உடைத்தார். நாலு பருப்பு இருந்தது. இரண்டை எனக்குக் கொடுத்தார்.