என் பேரில் திறந்த கோப்பு

எங்கள் இரத்தப் பரிசோதனை லாப்பில் ஏழு பேர், ஏழு பாஸ்வேர்ட். ஏழும் சுடுதண்ணிப் போத்தலுக்கு மேலே தொங்கிய கலண்டரின் பின்பக்கத்தில் எழுதியிருந்தன. சிரிக்காதீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஆள் மாறி ஆள் லீவு போகும்போது, வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதுபோல அதை எழுதிவிட்டுப் போனோம். எழுதாவிட்டால் "எங்களிலை நம்பிக்கை இல்லையோ?" என்று ஒரு கிழமைக்கு முகம் நீளும். பெரிய மனசுக்காரி நான், முதல் ஆளாக எழுதினேன்.

ஒரு திங்கட்கிழமை வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு தகப்பன் வந்து கவுண்டரில் ஓங்கி அடித்தார். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தாராம். அவளுடைய ரிப்போர்ட்டை அவர் கையில் வாங்கும் முன்பே மாப்பிள்ளை வீட்டார் அதை வரிக்கு வரி சொல்லிப் பேச்சை முறித்துவிட்டார்கள். லாப்பை நடத்தும் டொக்டர் கொம்பியூட்டரில் தேடினார். ஒரு கோப்பை யார் திறந்தாலும் அதில் பேர் பதிவாகும். பதிவாகியிருந்தது என் பேர்.

"உள்ளுக்கை இருந்துதான் போயிருக்கு. உம்மடை பேரிலைதான் திறந்திருக்கு, பிள்ளை. நாளையிலை இருந்து வரவேண்டாம்."

அழுகைக்கு முன் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். மற்றவர்களின் நோய் வருத்தத்தை வெளியில் கதைத்துத் திரிந்தவள் என்று பேர் வந்தால் யாழ்ப்பாணத்தில் எந்த லாப் என்னைச் சேர்க்கும்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

"மூண்டு நாள் தாங்கோ டொக்டர். ஆளைக் காட்டாட்டி நானே போறன்" என்றேன். கலண்டர் விஷயத்தையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். உடனே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்.

"மாத்தினா ஆளைப் பிடிக்கேலாது. அப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

எனக்கும் அப்போது உடுப்பிட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. டொக்டருக்கு மட்டும் தெரிய, என் பேரிலேயே ஒரு பொய் ரிப்போர்ட் போட்டேன்: கடுமையான சலரோகம், இரத்தத்தில் சீனி எக்கச்சக்கம். தேத்தண்ணி நேரத்தில் சம்பந்தக் கதையை எடுத்து, "நானும் இரத்தம் குடுத்தனான், என்ன வருதோ தெரியாது" என்று ஒரு பெருமூச்சும் விட்டேன். நடிப்பு அவ்வளவு மோசமில்லை. மறுநாள் லீவு என்று சொல்லிவிட்டு, பின்வாசலால் வந்து டொக்டரின் மேல்மாடி அறையில் உட்கார்ந்தேன்.

பத்தரை மணிக்கு அவருடைய திரையில் என் பேர் விழுந்தது. திறந்த இடம் கீழே, முன் கவுண்டர் கொம்பியூட்டர். என் கோப்பு. நானோ அவருக்கு முன்னால் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பாருங்கோ டொக்டர், நான் இஞ்சை இருக்கிறன்!" என்று கத்தியே விட்டேன்.

இறங்கி ஓடினோம். கவுண்டரில் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் எங்கள் மூத்த அக்கா. மத்தியானங்களில் தன் புட்டில் பாதியை எனக்குத் தருகிறவர். வேலியே பயிரை மேய்ந்திருந்தது. அவருக்கு வெட்கம்கூட இல்லை.

"என்னடி இது? உடுப்பிட்டிப் பெடியன்ரை தாய் எனக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி. விசாரிச்சுச் சொல்லாட்டி நாளைக்குப் பழி என்ரை தலையிலை எல்லோ? அந்த வல்வெட்டித்துறைப் பிள்ளையின்ரை ரிப்போர்ட்டையும் நல்லதுக்குத்தான் பாத்துச் சொன்னனான்."

"நல்லதுக்கெண்டா உங்கடை பேரிலை திறந்திருக்கலாமே, அக்கா?"

அதற்குத்தான் அவர் தலை குனிந்தார்.

டொக்டர் அவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார். எல்லாரையும் கூட்டி, "இந்தப் பிள்ளையைச் சந்தேகப்பட்டது என்ரை பிழை" என்றார். வல்வெட்டித்துறைக்கு அவரே போய் மன்னிப்புக் கேட்டார். கலண்டரை நான் கழற்றிக் கிழித்தேன். அடடா, அந்தச் சத்தம் எவ்வளவு இனிமை! அக்காவை நினைத்து மனம் நொந்தது உண்மைதான். ஆனாலும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன்.

வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்தார். அக்கா போனில் எடுத்த படம் நான் வீடு வரும் முன்பே உடுப்பிட்டிக்குப் போய்விட்டது. சாதகம் பொருந்தவில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம். நடந்ததைச் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிழமை முடிவதற்குள் உண்மை அங்கேயும் எட்டியது. தரகர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"பிள்ளைக்கு வருத்தம் ஒண்டும் இல்லையாமே. பேச்சைத் தொடருவமோ?"

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா எழும்பினார்.

"என்ரை பிள்ளையின்ரை ரிப்போர்ட்டைக் களவாப் பாத்த வீட்டுக்கு அவளைக் குடுக்க மாட்டன். தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ."