வாயை மூடச் சொன்னவர்கள்

பாகலூர் பக்கத்தில் ஒரு ரோஜாத் தோட்டத்தின் பேக்கிங் கொட்டகையில் நான் வேலை செய்கிறேன். பசுமைக்குடிலில் வெட்டி வரும் பூக்களைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, அடி இலைகளை உருவி, கட்டுக் கட்டாகச் சேர்த்து, அட்டை சுற்றிக் குளிர் அறைக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். எல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை. அப்படி நின்றுகொண்டே ஒருநாள் தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி மாத ஆர்டர்கள் குவிந்திருந்த நேரம். கையில் பூக்கட்டு இருந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, பூக்களுக்குள் என் முகம் கிடந்ததும், நெற்றியில் முள் கீறிய எரிச்சலும்தான். எதிரில் நின்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. என் பக்கத்தில் நிற்கும் கன்னடக்காரப் பெண் தன் துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

“ராத்திரி தூங்கலையா அக்கா?”

“நல்லாத்தான் தூங்கினேன்.”

நான் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டுப் படுத்தால் விடியும்வரை அசையாமல் தூங்குகிறவள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். ஆனால் எழும்போதே தலை கனக்கும். ஓசூரிலிருந்து கிளம்பும் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். வாயைத் திறந்துகொண்டு நான் விடும் குறட்டையை வைத்து, “அக்கா ஏறியாச்சா? அப்ப இன்னிக்குப் பாட்டு போட வேணாம்” என்பார் டிரைவர். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் கூசும். ஆண்கள் குறட்டை விட்டால் உழைத்த களைப்பு என்பார்கள். பெண் விட்டால் கேலிதான்.

நெற்றியில் பிளாஸ்திரியோடு வீட்டுக்குப் போனபோது என் கணவர் அதிகம் கேட்கவில்லை. “நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்” என்றார். அவர் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். பேச்சு குறைவு. கடைக்கு லீவு விட்டு என்னோடு வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“குறட்டை உண்டா?” என்று டாக்டர் அம்மா கேட்டார்.

“கொஞ்சம் வரும்” என்றேன்.

“கொஞ்சம் இல்லைங்க” என்றார் என் கணவர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “குறட்டைகூட பரவால்லைங்க மேடம். அது டக்குனு நின்னுடும் பாருங்க, அதான் பயம். மூச்சே இருக்காது. தோளைத் தொட்டு ஆட்டினா ஒரு இழு இழுத்துட்டுத் திரும்பி வரும். கொஞ்ச நேரத்துல மறுபடியும் நிக்கும்.”

“எத்தனை நாளா இப்படி?”

“பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதுல இருந்து கவனிக்கறேன். இப்ப அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கடையில் ஊசி விரலில் ஏறிவிட்டது என்று எத்தனையோ தடவை கட்டுப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கண் மங்குகிறது, வயதாகிறது என்பார். நானும் கண்ணாடி மாற்றச் சொல்வேன். என் மூச்சைக் காவல் காத்துவிட்டுத்தான் இந்த மனிதர் காலையில் போய் மெஷினில் உட்கார்ந்தார் என்பது அந்த டாக்டர் அறையில்தான் எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்து கேட்டேன். “ஏங்க என்கிட்ட சொல்லல?”

“சொன்னா பயந்துக்குவ. அப்புறம் உனக்குத் தூக்கம் போயிடும்.”

விரலிலும் மார்பிலும் ஒயர்களைப் பொருத்தி ஓர் இரவு சோதனை செய்தார்கள். ஸ்லீப் ஆப்னியா என்றார் டாக்டர். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. மூளை அரைகுறையாக விழித்து மூச்சை இழுக்கிறது. விடிய விடிய இதே கதை. தூங்கியதாக நான் நினைத்ததெல்லாம் தூக்கமே இல்லை. மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டி, குழாய் வழியாகக் காற்றை ஒரே அழுத்தத்தில் உள்ளே அனுப்பும் சிபேப் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மெஷினைப் பொருத்த வந்த டெக்னீஷியன் பெங்களூர்க்காரர். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். “மூக்கால மூச்சு விடணும் அக்கா. வாய் மட்டும் மூடியே இருக்கணும். அஷ்டே.” அவ்வளவுதான் என்று அர்த்தம். எனக்கும் அவ்வளவுதான் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. உதட்டோரம் வெடித்திருந்தது. தண்ணீரை வாயில் வைத்து ஊறவைத்த பிறகுதான் பேச்சு வந்தது. “மூக்கு வழியா போற காத்து அப்படியே வாய் வழியா வெளிய வந்துடுது. குக்கர்ல வெயிட் போடாம விட்ட மாதிரி ஒரே சத்தம்” என்றார் என் கணவர். மெஷினில் தண்ணீர் ஊற்றி ஈரக் காற்று வரும்படி வைத்துப் பார்த்தோம். வறட்சி கொஞ்சம் குறைந்தது. வாய் மூடவில்லை. தூங்கிப்போன பிறகு என் தாடை யார் பேச்சைக் கேட்கும்?

அவருக்கு ஒரு யோசனை வந்தது. சீட் கவருக்குப் போடும் அகலமான எலாஸ்டிக்கை, உறுத்தாமல் இருக்க உள்ளே வெள்ளைத் துணி வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார். தாடையைத் தாங்கி, காதோரமாக ஏறி, உச்சந்தலையில் சேர்கிற பட்டை. சாயங்காலம் என்னைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து மாட்டிவிட்டார். அளவு கச்சிதமாக இருந்தது. வாய் அசையவில்லை.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் நின்றிருந்த அவரும் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் அது தெரிந்திருக்க வேண்டும். இறந்தவர்களுக்குத் தாடை தொங்காமலிருக்க வெள்ளைத் துணியால் இப்படித்தான் தலையோடு சேர்த்துக் கட்டுவார்கள். அவருடைய அப்பாவுக்கு அவரே கட்டியிருக்கிறார்.

“கழட்டு” என்றார். நான் கை தூக்குவதற்குள் அவரே கழற்றிவிட்டார். “இது வேணாம். வேற பாப்போம்.”

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் சிரிக்க வைக்கப் பார்த்தேன். “உசுரோட இருக்கறதுக்குத்தானே இவ்வளவு பாடு” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

டெக்னீஷியனுக்கு போன் செய்தோம். அவர் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். நிறையப் பேருக்கு அது ஒத்துப்போகுமாம். எனக்குக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டதுபோல் நெஞ்சு படபடத்தது. ஓரமாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. டெக்னீஷியன் சலித்துக்கொள்ளவில்லை. எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “அக்கா, இப்ப மாஸ்க் இல்லாம, வாயை மூடிக்கிட்டு சும்மா இருங்க பார்க்கலாம்” என்றார்.

இருந்தேன். கொஞ்ச நேரத்திலேயே தானாக வாய் திறந்துகொண்டது.

“மூக்கு அடைச்சிருக்கா?”

“இல்லையே. எப்பவும் போலத்தான் இருக்குது.”

“எப்பவுமே இப்படித்தானா?” என்று கேட்டுவிட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கச் சொன்னார். இவ்வளவு காலமாக அடைத்தே இருந்ததால், அடைத்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அந்த டாக்டர் உள்ளே லைட் அடித்துப் பார்த்தார். அலர்ஜியால் இரண்டு பக்கமும் சதை வீங்கிக் கிடக்கிறது என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வெயிலுக்கும் குளிர் அறைக்கும் நாள் முழுக்கப் போய்ப்போய் வருவது மூக்குக்கு ஆகவில்லை என்றார். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவச் சொல்லி, அடிக்கிற ஸ்ப்ரே ஒன்றும் எழுதிக் கொடுத்தார். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று வேனில் ஒருத்தி போனில் வீடியோ காட்டியிருந்தாள். அதையும் கேட்டேன்.

“மூக்கு திறக்காம வாயை ஒட்டறதா? அந்த வேலையே வேணாம்மா” என்றார். “மொதல்ல மூக்கு வழி திறக்கட்டும். அப்புறம் பகல்ல வாயை மூடிப் பழகுங்க. உதடு சேர்ந்திருக்கணும், நாக்கு மேல ஒட்டியிருக்கணும். பகல்ல பழகினாத்தான் தூக்கத்துல வரும்.”

மூக்கு திறக்கச் சில வாரங்கள் ஆயின. ஒருநாள் கொட்டகையில் இலை உருவிக்கொண்டிருந்தபோது பச்சைத் தண்டு வாசனை சட்டென்று உள்ளே ஏறியது. வெளிநாட்டுக்குப் போகும் இந்த ரோஜாக்களுக்கு மணம் கிடையாது; அது எனக்கும் தெரியும். ஆனால் இலைக்கு இவ்வளவு வாசனை உண்டென்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆகவில்லை. கதவு திறந்துவிட்டாலும் நான் பழைய ஜன்னல் வழியாகவே போய்வந்துகொண்டிருந்தேன். கவனம் வேலையில் போனால் போதும், வாய் திறந்துகொள்ளும். திறந்தது எனக்கே தெரியாது. இதைப் பக்கத்துக் கன்னடக்காரியிடமும், எதிரே நிற்கும் பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக்காரப் பெண்ணிடமும் ஒரு மதியம் சாப்பிடும்போது சொன்னேன். மெஷினைப் பற்றியும் அன்றைக்குத்தான் வெளியே சொன்னேன்.

“பேஜார் பண்ணிக்காதீங்க அக்கா” என்றாள் கன்னடக்காரி. “நாங்க இருக்கோமில்ல? திறந்தா சொல்றோம்.”

“எப்படிடீ சொல்வீங்க? வாயை மூடுன்னா?”

மூன்று பேரும் யோசித்தோம். தமிழில் சொன்னாலும் திட்டு, கன்னடத்தில் சொன்னாலும் திட்டு, தெலுங்கில் சொன்னாலும் திட்டு. வயதில் பெரியவளைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெலுங்குப் பெண் தயங்கினாள். கடைசியில் ‘மூடு’ என்பதை விட்டுவிட்டு வாயை மட்டும் சொல்வது என்று முடிவானது.

அன்று மதியமே ஆரம்பித்துவிட்டார்கள். “பாயி!” என்பாள் ஒருத்தி. நான் டக்கென்று மூடுவேன். கொஞ்ச நேரத்தில் எதிரிலிருந்து, “நோரு, அக்கா, நோரு!” கேட்டுக் கேட்டு அடுத்த மேஜைத் தமிழ்ப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். “அக்கா, வாய்!” சில சமயம் மூன்றும் ஒன்றாக வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் வாய் திறக்கும். அதற்கும் ஒரு சத்தம்.

எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒருநாள் ஓடிவந்தார். “என்ன அங்க? வாய் வாய்ன்னு யாரு யாரைப் பேசுதா? சண்டையா?”

“சண்டை இல்ல சார், வைத்தியம்” என்றாள் தெலுங்குப் பெண்.

முழுக்கதையையும் கேட்டார். குளிர் அறை விஷயம் வந்ததும் அவர் முகம் மாறியது. “ஏன்க்கா, இதை முதல்லயே சொல்லப்பிடாதா? நீங்க இனிமே மேஜையிலயே நில்லுங்க. உள்ள யாராவது போவாங்க.” யார் போவார்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அந்த இரண்டு பெண்களும் என் முறையைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். “பாயி!” என்றாள் கன்னடக்காரி.

மழைக்காலம் முடியும்போது, யாரும் சொல்லாமலே என் உதடுகள் சேர்ந்திருக்கத் தொடங்கின. சத்தம் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. எனக்கு அது கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். மெஷினை வந்து பார்த்த டெக்னீஷியன், காற்று கசிவு நன்றாகக் குறைந்துவிட்டது என்று சொல்லி என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். ஜலதோஷம் பிடித்தால் இன்றைக்கும் வாய் திறந்துகொள்கிறது. மறுநாள் நாக்கு காய்ந்துதான் போகிறது. ஸ்ப்ரேயை விடவில்லை, உப்புத் தண்ணீரையும் விடவில்லை. ஆனால் வேனில் இப்போது விழித்தபடி போகிறேன். டிரைவர் பாட்டுப் போடுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைச் சொல்ல வேண்டும். கண் விழித்தபோது வாய் ஈரமாக இருந்தது. தலை லேசாக இருந்தது. ஜன்னலில் நல்ல வெளிச்சம். பக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருபக்கமாகச் சாய்ந்து, கையை முகத்துக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு, உலகமே தெரியாத தூக்கம். நான் எழும்போதெல்லாம் அவர் எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் தூங்கினால் இப்படித்தான் இருப்பார் என்பதை மறந்தே போயிருந்தேன். மாஸ்க்கைக் கழற்றி, மெஷினை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய போன் அடித்தது. சத்தம் அவரை எழுப்பிவிடக் கூடாதென்று எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு; சீட் கவர் போடக் காரோடு கடை வாசலில் வந்து நிற்கிற யாரோ.

“கடை இன்னும் திறக்கலையே, அண்ணன் இல்லீங்களா?”

“தூங்கறாருங்க.”

“இந்நேரமா? உடம்பு ஏதும் சரியில்லீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்காரு. சும்மா தூங்கறாரு. நீங்க கொஞ்சம் டீ குடிச்சிட்டு வாங்க” என்றேன்.